சம்பளம் குறைந்துவிட்டால் குழந்தைக்கான ஜீவனாம்சத்தை நாமாகக் குறைக்கலாமா?

உங்கள் நிலைமை எனக்குப் புரிந்தவரை இதுதான். நீங்களும் மனைவியும் 2021-இல் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து பெற்றீர்கள். ஒன்பது வயது மகள் அம்மாவிடம் வளர்கிறாள். அவளுக்காக மாதம் 20,000 ரூபாய் தருவதாக இருவரும் ஒப்புக்கொண்டு, அதுவே குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்பில் நிபந்தனையாகவும் ஏறியிருக்கிறது. அப்போது உங்கள் சம்பளம் மாதம் 1,20,000. இடையில் கம்பெனியில் ஆட்குறைப்பு செய்ததில் வேலை போய், ஆறு மாதம் வீட்டில் இருந்து, இப்போது கையில் 65,000 வரும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. விவாகரத்தின்போது வீட்டில் இருந்த மகளின் அம்மாவும் இப்போது 35,000 சம்பாதிக்கிறார். 'அடுத்த மாதத்திலிருந்து 8,000 மட்டும் அனுப்பலாமா, நிலைமையை விளக்கி வாட்ஸ்ஆப்பில் ஒரு தகவல் போட்டால் போதுமா' என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. வேறு எதுவும் மனதில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும். நீதிமன்றம் போட்ட உத்தரவு உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து தானாகக் குறையாது. அதை நீதிமன்றம்தான் மாற்ற முடியும். மாற்றும்வரை மாதாமாதம் 20,000 என்பது கடன்போல ஏறிக்கொண்டே இருக்கும். நீங்கள் 8,000 அனுப்பினால் மீதி 12,000 பாக்கி. ஒரு வருடத்தில் 1,44,000. உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்தப் பாக்கி பாக்கிதான்.

இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்ப வழக்குகள் நடத்திவருகிறேன். என்னிடம் வந்த அப்பாக்களில் மிகவும் வருத்தப்பட வைத்தவர் ஒருவர் உண்டு. கெட்ட மனிதர் இல்லை. வேலை போன அவமானத்தில் யாரிடமும் சொல்லாமல் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டார். 'வேலை கிடைத்ததும் மொத்தமாகக் கொடுத்துவிடலாம்' என்று நினைத்திருக்கிறார். பதினான்கு மாதம் கழித்து, பிடிவாரண்டோடு போலீஸ் வீட்டு வாசலில் நின்ற அன்றுதான் என்னைத் தேடி வந்தார். வேலை போன முதல் மாதமே ஒரு மனு போட்டிருந்தால் தொகையைக் குறைத்துக் கேட்க அவருக்கு எல்லா ஆதாரமும் இருந்தது. ஆனால் மனுவே போடாமல் ஓடிப்போன பதினான்கு மாதத்துக்கு எந்த நீதிபதியிடம் போய் என்ன கேட்பது? முழுப் பாக்கியையும் கட்டினார், அம்மாவின் நகையை அடகு வைத்து.

சரி, எந்தச் சட்டப் பிரிவில் மனு போடுவது என்று பார்ப்போம். இதில் பலரும் குழம்புகிறார்கள். முதல் உத்தரவு எந்தச் சட்டத்தில் வந்ததோ, மாற்றமும் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான். உங்களுடையது இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் வந்த பரஸ்பர சம்மதத் தீர்ப்பு. ஆகவே அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு. குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு பற்றிய உத்தரவுகளைத் தீர்ப்புக்குப் பிறகும் அவ்வப்போது மாற்றவும், நிறுத்திவைக்கவும், ரத்து செய்யவும் அந்தப் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 'சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாயிற்றே, இனி மாற்ற முடியுமா' என்ற பயம் வேண்டாம். குழந்தை விஷயத்தில் அந்தக் கதவு மூடப்படுவதே இல்லை.

வேறு வழியில் உத்தரவு பெற்றவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஏராளமான ஜீவனாம்ச வழக்குகள் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் வந்தவை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோருக்கும் பொதுவான பிரிவு அது. அந்த உத்தரவை மாற்ற 127-ஆவது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 125-க்குப் பதில் 144, 127-க்குப் பதில் 146. எண்கள்தான் மாறின, சாரம் அதேதான். 'சூழ்நிலையில் மாற்றம்' ஏற்பட்டது என்று நிரூபித்தால் நீதிமன்றம் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வந்த உத்தரவுக்கு அந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 38-ஆவது பிரிவு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மாற்றக் கோரும் மனு என்பது பழைய வழக்கை மறுபடி நடத்துவது இல்லை. உத்தரவுக்குப் பிறகு ஏற்பட்ட மாற்றம் மட்டுமே இதில் பேசப்படும். குடும்ப வன்முறைச் சட்ட வழக்கு ஒன்றில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பிந்தைய மாற்றத்தைக் காட்டித்தான் கேட்க முடியும், ஏற்கெனவே கொடுத்ததைத் திருப்பித் தரும்படி கேட்க முடியாது என்று. 'அன்றைக்கே 20,000 அதிகம், வக்கீல் சொன்னார் என்று ஒத்துக்கொண்டேன்' என்று இப்போது வாதிட்டால் எடுபடாது. 'அன்றைக்கு 1,20,000 வாங்கினேன், இன்றைக்கு 65,000' என்பது எடுபடும். நீங்கள் ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாக வந்த உத்தரவு என்றால் அதை நீக்கக் கேட்பது தனி மனு. 125-ஆவது பிரிவு வழக்குகளில் அதற்கு மூன்று மாத அவகாசம்தான் உண்டு.

அடுத்து, எவ்வளவு குறையும்? இந்தியாவில் இதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. இத்தனை சம்பளத்துக்கு இத்தனை சதவீதம் என்று எந்த அட்டவணையும் இல்லை. 'சம்பளத்தில் 25 சதவீதம்' என்று எல்லோரும் சொல்வது, மனைவிக்கான நிரந்தர ஜீவனாம்சம் பற்றி உச்ச நீதிமன்றம் 2017-இல் தந்த ஒரு தீர்ப்பிலிருந்து பரவியது. அந்த வழக்கின் சூழ்நிலையில் அது நியாயம் என்றார்கள். அதை எடுத்துக் குழந்தைக்குக் கணக்குப் போடாதீர்கள். ஒருகாலத்தில் 125-ஆவது பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் தர முடியாது என்று உச்சவரம்பே இருந்தது. 2001-இல்தான் அதை எடுத்தார்கள். அதன்பின் எல்லாமே குழந்தையின் தேவை என்ன, பெற்றோரின் சக்தி என்ன என்ற இரண்டு கேள்விகளில் வந்து நிற்கிறது.

முதலில் குழந்தையின் தேவை. உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பள்ளிக் கட்டணம், வேன், புத்தகம், சீருடை, வீட்டு வாடகையில் அவள் பங்கு, சாப்பாடு, டாக்டர் செலவு, டியூஷன், பாட்டு வகுப்போ நீச்சல் வகுப்போ ஏதாவது. உங்கள் மகளுக்கு எல்லாம் சேர்த்து மாதம் 24,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இருவரின் வருமானத்தையும் பாருங்கள். உங்களுக்கு 65, அவருக்கு 35. இருவரும் சம்பாதித்தால் இருவரும் வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் குழந்தையின் செலவைத் தாங்க வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவரின் சம்பளம் மனைவியுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்த அந்த வழக்கில், பிள்ளைக்கு 3,000 வீதம் நிர்ணயித்து இரண்டுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். அந்த வழியில் உங்கள் பங்கு 24,000-இல் 65 சதவீதம், அதாவது 15,600.

நீதிபதி இதையே போடுவார் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. அம்மா அந்தக் குழந்தைக்காகப் பார்க்கும் வேலைக்கு எந்தச் சம்பளப் பட்டியலும் கிடையாது. காய்ச்சல் இரவில் விழித்திருப்பதும், பள்ளிக் கூட்டத்துக்கு லீவு போட்டுவிட்டு ஓடுவதும் பணத்தில் கணக்காகாது. நல்ல நீதிபதி அதையும் மனதில் வைத்துத்தான் முடிவெடுப்பார். ஆனால் 8,000 என்ற உங்கள் எண் எந்தக் கணக்கிலும் நிற்காது. சம்பளம் ஏறக்குறைய பாதியானால் ஜீவனாம்சம் பாதிக்கும் கீழே போக வேண்டும் என்பதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? மனுவில் 15,000 என்று கேட்டால் நியாயமான மனிதர் என்று தெரியும். 8,000 என்று கேட்டால் மற்ற உண்மைகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

'வீட்டுக் கடனுக்கே 28,000 போகிறது' என்றும் எழுதியிருந்தீர்கள். கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றங்கள் பொதுவாகச் சம்பளத்திலிருந்து கழிப்பது வருமான வரி, பி.எஃப். போன்ற கட்டாயப் பிடித்தங்களைத்தான். நாமாக விரும்பி வாங்கிய வீடு, கார், பர்சனல் லோன் இவற்றின் தவணைகளைக் குழந்தையின் பங்குக்கு முன்னால் வைக்க விடமாட்டார்கள். வங்கியிடம் பேசித் தவணைக் காலத்தை நீட்டிக்க முடியுமா என்று பாருங்கள்.

வேலை போனது பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலை போவது வேறு, வேலையை விடுவது வேறு. ஜீவனாம்சத்திலிருந்து தப்பிக்கவே ராஜினாமா செய்பவர்கள், சம்பளத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லி முதலாளியிடம் கேட்பவர்கள், தொழிலைத் தம்பி பேருக்கு மாற்றுபவர்கள் எல்லோரையும் நீதிமன்றம் நிறையப் பார்த்திருக்கிறது. ராணுவத்தில் இருந்த ஒருவர் ஓய்வுபெற்றதைக் காட்டி மனைவியின் ஜீவனாம்சத்தை உயர் நீதிமன்றத்தில் 4,000-இலிருந்து 2,000 ஆகக் குறைக்க வைத்தார். 2015-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி 4,000 ஆக்கியது. தொழில் மூடிவிட்டது, வருமானமே இல்லை என்று சொன்ன இன்னொருவரிடம் 2022-இல், உடலில் வலு இருக்கிறவர் கூலி வேலை செய்தாவது மனைவியையும் பிள்ளையையும் காப்பாற்ற வேண்டும் என்றது. கையில் வரும் சம்பளம் ஒன்றை மட்டும் பார்ப்பதில்லை, சம்பாதிக்கும் திறனையும் பார்க்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் இது பயப்பட வேண்டிய ஒன்று இல்லை. உங்களைக் கம்பெனிதான் அனுப்பியது. ஆனால் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். வேலையை விட்டு அனுப்பிய கடிதம், கடைசி செட்டில்மென்ட் கணக்கு, அந்த ஆறு மாதத்தில் எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள் என்பதற்கான மின்னஞ்சல்கள், புதிய வேலையின் நியமனக் கடிதம் எல்லாம் வேண்டும். கடைசியில் கம்பெனி மொத்தமாகத் தந்த தொகை இருந்தால் அதையும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டு, எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அதைக் கிளப்பினால், மீதி எல்லாம் உண்மையாக இருந்தும் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த இடத்தில் 2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி அமர்வு தந்தது. ஜீவனாம்ச வழக்குகளில் இன்று எல்லா நீதிமன்றமும் பின்பற்றும் தீர்ப்பு அதுதான். இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் ஒரு குறிப்பிட்ட படிவத்தில் பிரமாண வாக்குமூலமாகத் தர வேண்டும். விவசாயத்தை நம்பியிருப்பவர்களுக்கு அதில் தனிப் படிவமே உண்டு. எதிர்த்தரப்புக்குப் பதில் தர நான்கு வாரம் அவகாசம், அதற்கு மேல் இழுத்தால் அதிகபட்சம் இரண்டு வாய்ப்பு. வழக்கு நடக்கும்போதே யாருக்காவது வருமானம் மாறினால் திருத்திய வாக்குமூலம் தரலாம். ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டுத் தர வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்புதான். பொய் சொன்னால் பொய்ச் சாட்சியத்துக்கான நடவடிக்கை வரும் என்றும் எச்சரித்திருக்கிறது. பிள்ளையின் படிப்புச் செலவு வழக்கமாக அப்பாவுடையது, அம்மாவும் போதிய அளவு சம்பாதித்தால் விகிதப்படி பங்கு என்பதையும் அதில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மனுவுக்கு அந்த வரி நேரடியாகப் பொருந்தும்.

மகளின் அம்மா 35,000 சம்பாதிக்கிறார் என்பதை எதிரியை மடக்கும் ஆயுதம் போலப் பயன்படுத்தாதீர்கள். எளிமையாக, ஒரு உண்மையாக எழுதுங்கள். அவர் வேலைக்குப் போவது உங்கள் மகளுக்கும் நல்லதுதான்.

மனு நிலுவையில் இருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் நடைமுறையில் பெரிய கேள்வி. முதன்மை மனுவோடு ஒரு இடைக்கால மனுவும் போட்டு, முடிவாகும்வரை இத்தனை தொகை கட்ட அனுமதி கேளுங்கள். அந்த உத்தரவு வரும்வரை உங்களால் முடிந்த அதிகபட்சத்தை, ஒரே தேதியில், வங்கிக் கணக்கு வழியாக அனுப்புங்கள். 20,000 முடியவில்லை என்றால் 15,000 அனுப்புங்கள், ஆனால் ஒரு மாதம்கூட வெறுமையாக விடாதீர்கள். வங்கிப் பாஸ்புக்கில் மாதாமாதம் விடாமல் போன வரிகளைப் பார்க்கும் நீதிபதிக்கு நீங்கள் யார் என்று வக்கீல் விளக்கவே வேண்டாம்.

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பிறந்தநாளுக்குச் சைக்கிள் வாங்கித் தந்தேன், மாமியார் கையில் 5,000 கொடுத்தேன் என்பதெல்லாம் அன்பு, ஆனால் ஜீவனாம்சக் கணக்கில் கழியாது. பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளியில் கட்டுகிறீர்கள் என்றாலும், உத்தரவில் அப்படி இருந்தால்தான் அது கழியும். இப்போது மாற்ற மனு போடும்போதே, 'கட்டணத்தை நேரடியாகப் பள்ளிக்குக் கட்டுகிறேன், மீதி அம்மாவின் கணக்கில்' என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பணம் எங்கே போகிறது என்று சந்தேகப்படும் அப்பாக்களுக்கும், கட்டணத் தேதி நெருங்கும்போது தவிக்கும் அம்மாக்களுக்கும் இது இருவழியும் நிம்மதி தரும் ஏற்பாடு. என் அனுபவத்தில் சண்டையில் பாதி இதனால் குறைந்துவிடுகிறது.

கட்டாமல் விட்டால் என்னவாகும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்களுடையது போன்ற சிவில் தீர்ப்பில் மகளின் அம்மா நிறைவேற்று மனு (தீர்ப்புப்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் மனு) போடலாம், சம்பளத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் கைவைக்க நிறையத் தடை உண்டு. ஜீவனாம்சத் தீர்ப்புக்கோ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு, மீதி மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு உட்பட்டது. 65,000-இல் அது 43,000-க்கு மேல். பழைய பாக்கிக்கு 12 வருடம்வரை நிறைவேற்று மனு போடலாம். 125-ஆவது பிரிவு உத்தரவு என்றால் பாதை வேறு. பாக்கியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும், வாரண்டு வரும், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம்வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது. சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழி, கட்டியதற்குச் சமம் ஆகாது என்று 1988-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதைப் படிக்கும் அம்மாக்களுக்கும் ஒரு பத்தி. வருமான மாற்றம் என்றால் குறைவது மட்டும் இல்லை. 2018-இல் மாதம் 6,000 என்று உத்தரவு வாங்கியபோது குழந்தை எல்.கே.ஜி. படித்திருக்கும், இன்று ஆறாவது, ஏழாவதில் இருக்கும். குழந்தையின் அப்பாவுக்கு இதற்குள் இரண்டு பதவி உயர்வு வந்திருக்கலாம், வெளிநாட்டு வேலை கிடைத்திருக்கலாம். அரசு ஊழியர் என்றால் அகவிலைப்படி ஏறிக்கொண்டே இருக்கும். அதே பிரிவுகளில் நீங்களும் தொகையை உயர்த்தக் கேட்கலாம். அவருடைய சம்பளம் என்ன என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பது இயல்பு. உங்களுக்குத் தெரிந்த விவரத்தை எழுதுங்கள். சம்பளச் சான்று தாக்கல் செய்யும்படி அவருடைய அலுவலகத்துக்கு உத்தரவிடக் கேட்கலாம். தன் வருமானம் தனக்கு மட்டும் தெரிந்த உண்மை என்பதால் அதை வெளியே வைக்கும் பொறுப்பு அவருடையதுதான். வக்கீல் கட்டணத்துக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

'பின்னால் எதுவும் கேட்கமாட்டேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று கலங்குபவர்களுக்கும் சொல்கிறேன். உங்களுக்காக நீங்கள் விட்டுக் கொடுத்திருக்கலாம். குழந்தையின் உரிமையை அம்மாவோ அப்பாவோ எழுதிக் கொடுத்து முடித்துவிட முடியாது.

பதினெட்டு வயது பற்றி ஓரிரு வரி போதும். 125 அல்லது 144-ஆவது பிரிவு உத்தரவு, உடல் அல்லது மனக் குறைபாடு இல்லாத பிள்ளைக்குப் பதினெட்டோடு நிற்கும். இந்துக் குடும்பங்களில் திருமணமாகாத மகள் தன் வருமானத்தில் வாழ முடியாத நிலையில் இருந்தால், இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956-இன் 20-ஆவது பிரிவில் அதற்குப் பிறகும் கேட்கலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை விளக்கியிருக்கிறது.

மறுபடி உங்களிடம் வருகிறேன். மனு போடுவதற்கு முன், முடிந்தால் மகளின் அம்மாவிடம் நேராகப் பேசுங்கள். 'வேலை போனது, இப்போது இவ்வளவுதான் வருகிறது, இதோ சம்பளச் சீட்டு' என்று காகிதத்தோடு பேசுங்கள். ஆறு மாதம் மறைத்திருந்தால் அவருக்குக் கோபம் இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் ஒரு தொகைக்கு ஒத்துவந்தால் அதை வாட்ஸ்ஆப்பில் விட்டுவிடாமல், இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாக்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையில் 15,000 என்று ஒத்துக்கொண்டு மூன்று வருடம் வாங்கியவர், உறவு கசந்த பிறகு மாதம் 5,000 வீதம் பாக்கி என்று நிறைவேற்று மனு போட்ட வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, உத்தரவு அப்படித்தான் இருந்தது.

நேராகப் பேச முடியாத நிலை என்றால் மனு போட்டுவிட்டுச் சமரச மையத்துக்கு அனுப்பக் கேளுங்கள். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் 2005-இல் முதன்முதலாகத் தொடங்கியது, இன்று மாவட்டங்களிலும் இருக்கிறது. ஜீவனாம்சத் தொகை போன்ற விஷயங்கள் அங்கே இரண்டு மூன்று அமர்வில் முடிந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி முடிக்கும்போது, வருடத்துக்கு இத்தனை சதவீதம் தானாக ஏறும் என்ற ஒரு வரியையும், வேலை போனால் இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்க்கச் சொல்வேன். அடுத்த முறை சம்பளம் மாறும்போது இருவரும் வாசல்படி ஏற வேண்டியிருக்காது.

இன்னொன்று. பணம் குறைவாக வந்தது என்பதற்காக மகளைப் பார்க்க விடாமல் செய்வதும், மகளைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே தவறு. சட்டத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. பார்க்க விடவில்லை என்றால் அதற்குத் தனியாக மனு போடுங்கள், பணத்தை நிறுத்தாதீர்கள். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்ட வீடுகளில் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று காத்திருப்பதைப் பார்த்தவன் நான்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 2021 தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நகல் மனு போடுங்கள், அது கிடைக்கவே சில நாள் ஆகும். மூன்று வருட வங்கிக் கணக்கு, வருமான வரி ரிட்டர்ன், பழைய கம்பெனியின் கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வேலையை விட்டு அனுப்பிய கடிதம், புதிய நியமனக் கடிதம், கடன் தவணை விவரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். வேலை இல்லாத ஆறு மாதமும் நீங்கள் எவ்வளவு அனுப்பினீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை. அதில் ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், தவணையில் கட்ட அனுமதி கேட்டு அதே மனுவோடு சேர்த்துப் போடலாம். இந்த மாதப் பணத்தை வழக்கமான தேதிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.